இல்லாத விமானத்தின் பயண நேரம்

வலது பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. பெல்ட்டை மட்டும் குறுக்கே இழுத்து மாட்டியிருக்கிறேன், சும்மா தொங்கினால் எதிலாவது சிக்கிக்கொள்ளும் என்று சஞ்சீவ் சொல்லியிருக்கிறான், சொல்லியிருக்கிறார், என்னைவிட ஒன்பது வயது சின்னவன் என்றாலும் அவர் கேப்டன், நான் மாணவி, முப்பத்தாறு வயதில் மாணவி, கேட்பவர்கள் சிரிப்பை அடக்கும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். சிரிக்கட்டும். கீழே சேலம் சின்னதாகிக்கொண்டே போகிறது. ஓமலூர் பக்கத்து ஓடுபாதைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருக்கிறேன், எடுத்த எடுப்பில் நேராகக் கிழக்கே போனால் சேர்வராயன் மலை மூக்கில் இடிக்கும், மலையைவிட உயரமாகிக்கொண்டு அப்புறம்தான் கிழக்கே திருப்ப வேண்டும். கிழக்கே புதுச்சேரி. அங்கே ஒரு சின்ன விமான நிலையம், இங்கே ஒரு சின்ன விமான நிலையம், நடுவில் காக்காய் பறக்கிற கணக்கில் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். போய் இறங்க வேண்டும், தனியாக. இரண்டு தடவை கிளம்பி இரண்டு தடவையும் பாதியில் திரும்பிவிட்டேன். இது மூன்றாவது. காலையில் விமானத்தைத் தட்டித் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சஞ்சீவ் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். “அக்கா, இன்னிக்கும் பாதியில திரும்பிட்டீங்கன்னா நான் மறுபடி அனுப்ப முடியாதுங்க. கோவிச்சுக்காதீங்க. பேசாம ஏர்போர்ட் கவுண்டர் வேலைக்கே போயிடுங்க, அங்க உங்க எடம் இன்னும் காலியாத்தான் இருக்குதுங்க.” கோயம்புத்தூர்க்காரன், கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பான். நான் சரிங்க கேப்டன் என்றேன்.

அந்தக் கவுண்டர். எட்டு வருஷம் அதற்குப் பின்னால் நின்றேன், இதே விமான நிலையத்தில், கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, பெட்டி எடை போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு வருவதே ஒன்றிரண்டு விமானம், அதற்குப் புன்னகை மட்டும் நாள் முழுக்க. ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார், வெள்ளை வேட்டி, கக்கத்தில் ரெக்சின் பை. “பாண்டிச்சேரி ஃபிளைட் எத்தன மணிக்குங்க?” இங்கிருந்து பாண்டிச்சேரிக்கு ஃபிளைட் இல்லீங்கய்யா என்றேன். போனை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். “இதுல போட்டிருக்குதே. இந்த ஏர்போர்ட்டுக்கும் அந்த ஏர்போர்ட்டுக்கும் இத்தன கிலோமீட்டர், பயண நேரம் ஒரு மணின்னு.” அது தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வதுங்கய்யா, விமானம் விட்டால் அவ்வளவு நேரம் ஆகும் என்று. “அப்ப விடலியா?” விடலீங்க. “விடாத விமானத்துக்கு எதுக்குங்க நேரம் போட்டு வெச்சிருக்காங்க?” சென்னைக்குப் போய், அங்கே காத்துக்கிடந்து, பிறகு வேறு வழி பார்த்து என்று நான் ஆரம்பித்ததுமே அவர் பையை இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், அத்தனை ஊரிலும் நின்று நின்று போகிற பஸ். அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் தலைக்குள் நின்றுவிட்டது. யாரும் உட்காராத ஒரு மணி நேரம். பறக்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் வந்தது என்று சொன்னால் பொய், அது சின்ன வயதிலேயே வந்து, வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருந்தது. ஆனால் கோபம் அன்றைக்குத்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் எதுவும் நடக்கும்.

திருப்பிவிட்டேன். ஏழாயிரத்து ஐந்நூறு அடி. மூக்கு கிழக்கே பார்க்கிறது, ஏற்காடு இறக்கைக்குக் கீழே நழுவுகிறது, ஏரியும் படகும் கொண்டை ஊசி வளைவுகளும், அந்த வளைவுகளில் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தவள் நான், இன்றைக்கு அதற்கு மேலே, காலையில் தின்றது ஒரு இட்லி, அதுவும் பாதி. ஹெட்போன் காதை நெரிக்கிறது, கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம், முதல் தடவையும் இதையேதான் நினைத்தேன். முதல் தடவை. அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் வேறு என்ன வரும், அதுதான் வரும். சேர்வராயனைத் தாண்டியதும் ஒரு காற்று கீழே இருந்து தூக்கி உடனே தொப்பென்று போட்டது, அவ்வளவுதான், புத்தகத்தில் படித்ததுதான், வெயில் ஏறினால் மலைமேல் காற்று அப்படித்தான் இருக்கும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாய் தானாக அம்மா என்றது, கை தானாகத் திருப்பிவிட்டது. கையை நான் திருப்பச் சொல்லவே இல்லை. இறங்கிய பிறகு சஞ்சீவிடம் வானிலை சரியில்லை என்றேன். அவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். துடைத்து வைத்தது போல இருந்தது. நோட்டில் வானிலை என்றே எழுதிக்கொண்டான், மரியாதை தெரிந்த பிள்ளை. இதோ, இப்போதும் தூக்கிப் போடுகிறது. போடு. இன்னொரு தடவை போடு. கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வாலாட்டாமல் இருக்கிறதா என்று. இருக்கிறது.

ஹேமாவுக்குச் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லவே இல்லை. ஹேமலதா என் தங்கை, புதுச்சேரியில் லாஸ்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரம். முதல் தடவை சொன்னேன், குடும்பத்தோடு வந்து வேலி ஓரம் நின்றாள், எலுமிச்சம் சோறு கட்டிக்கொண்டு, அவள் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, மாமியார் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு. உச்சி வெயில் வரைக்கும் நின்றார்களாம். இரண்டாம் தடவையும் சொன்னேன், மாமியார் வரவில்லை, மற்றவர்கள் வந்தார்கள். நான் சேலத்தில் இறங்கிப் போன் செய்தபோது எலுமிச்சம் சோற்றை வேலி ஓரத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “விடுக்கா, நமக்கு எதுக்கு இதெல்லாம்” என்றாள். நமக்கு எதுக்கு. எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வதுதான். ஏசி வாங்கலாமா என்றால் நமக்கு எதுக்கு. ஹேமா டான்ஸ் கிளாஸ் கேட்டபோது அப்பா நமக்கு எதுக்கு என்றார், அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள், அப்படிக் கிடந்தவளே இன்றைக்கு எனக்கு அதைச் சொல்கிறாள், அதுவும் ஆறுதலாகச் சொல்கிறாள், கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆறுதலாகச் சொன்னால் என்ன செய்வது. அந்த ‘நமக்கு’தான் உறுத்துகிறது. என்னைச் சேர்த்துப் பிடித்து உட்காரவைக்கிற ‘நமக்கு’. எனக்கு வேண்டும் ஹேமா. எதற்கென்று கேட்டால் தெரியாது, வேண்டும். இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஹெட்போனில் என் குரலே எனக்குக் கேட்டது, நல்லவேளை ரேடியோ பட்டனில் விரல் இல்லை.

கல்வராயன் மலை. இங்கேதான் ரேடியோவின் பேச்சுத் துணை முடியும். சேலத்துக்காரர்கள் போய்வா என்று சொல்லிவிட்டார்கள், புதுச்சேரிக்காரர்களிடம் பேச இன்னும் நேரம் இருக்கிறது, நடுவில் எனக்கும் யாருக்கும் பேச ஒன்றும் இல்லாத தூரம். என்ஜின் சத்தம் மட்டும். அதையும் சும்மா கேட்க முடியவில்லை, கேட்கக் கேட்க அதில் ஒரு இருமல் இருப்பதாகத் தோன்றுகிறது. இருமியதா? இல்லை. இப்போது? இல்லை. எண்ணெய் அழுத்தம் சரி, சூடு சரி, பெட்ரோல் இரண்டு இறக்கையிலும் சரி. மலைக்கு மேலே போகும்போது மட்டும் எல்லா என்ஜினும் இருமும் என்று சஞ்சீவ் சொல்வான், கடல் மேலே இன்னும் அதிகமாக இருமுமாம், இருமுவது நம் காதுதானாம். எனக்கு முன்னால் ஜிபிஎஸ் திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் இருக்கிறது. சஞ்சீவ்தான் டேப் போட்டு ஒட்டினான். மேப்பையும் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு கீழே பார்த்துப் போக வேண்டும், அதற்குத்தான் பரீட்சை. நிஜமாகவே வழி தவறினால் பிய்த்துப் பார்த்துக்கொள்ளலாம், உயிர் முக்கியம், ஆனால் பிய்த்துவிட்டால் இந்தப் பயணம் கணக்கில் சேராது. கல்வராயனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மேப்பில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, நீலமாக, வயிறு புடைத்துக்கொண்டு. அதைச் சுற்றிச் சஞ்சீவ் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறான். “அந்த ஏரி கண்ணுல பட்டா சரியா போறீங்கன்னு அர்த்தங்க. அங்கிருந்து திருக்கோவிலூரு, விழுப்புரம், அப்புறம் புதுச்சேரி. கண்ண மூடிட்டுப் போலாம்.” இரண்டாம் தடவை அந்த ஏரி கண்ணில் படவே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு எவ்வளவு தேடினேன்.

மலை முடிந்துவிட்டது. கீழே சமவெளி விரிந்து கிடக்கிறது, பழுப்பும் பச்சையும் புழுதியும், வைகாசி வெயில் தூரத்தை எல்லாம் பால் ஊற்றியது போல ஆக்கி வைத்திருக்கிறது. கடிகாரத்தின்படி ஏரி இப்போது வர வேண்டும். வரவில்லை. இன்னும் கொஞ்சம் போகலாம். இடது பக்கம் பார்க்கிறேன், வலது பக்கம் பார்க்கிறேன், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு முன்னால் பார்க்கிறேன். ஒரு ஊர். எந்த ஊர்? மேலே இருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒன்றுதான், ஒரு தெரு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கல்யாண மண்டபம், ஒரு செல்போன் கோபுரம். நீலமாக ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய ஏரியை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? ஏரி போகாது, நான்தான் எங்கேயோ போய்விட்டேன். தென்மேற்குக் காற்று என்னை வடக்கே தள்ளிக்கொண்டே வந்திருக்கும், திருவண்ணாமலைப் பக்கம் வந்துவிட்டேனோ, அப்படியென்றால் மலை தெரிய வேண்டுமே, இந்தப் புழுதியில் மலை எங்கே தெரியும், தெரியும்போது பக்கத்தில் இருக்கும். உள்ளங்கை வழுக்குகிறது. சுடிதாரில் துடைக்கிறேன். மறுபடி வழுக்குகிறது. போன தடவை இந்த இடத்தில்தான், இந்த வியர்வையில்தான், ஏரி இல்லை, ஏரி இல்லை என்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மலை பின்னால் தெரிந்தவுடன் தாயைக் கண்ட கன்றுக்குட்டியாக அதை நோக்கித் திரும்பிவிட்டேன். இப்போதும் திரும்பினால் மலை இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் சேலம் இருக்கும். கவுண்டர் இருக்கும், கழுத்துத் துணி இருக்கும், சென்னை வழியாகப் போங்கய்யா என்று சொல்லும் வாய் இருக்கும். விரல் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் இருக்கிறது. எப்போது போனது? டேப் ஒரு மூலையில் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது, நகத்தை விட்டால் வந்துவிடும். பிய்த்துவிடு. உயிர் முக்கியம். உயிருக்கு என்ன இப்போது, என்ஜின் ஓடுகிறது, பெட்ரோல் நிறைய இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை ரதிதேவி, உனக்குத் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை, தெரியாமல் இருப்பது உனக்கு அவமானமாக இருக்கிறது, அதைத்தான் நீ பயம் என்று சொல்லிக்கொள்கிறாய். விரலை எடு. எடுத்துவிட்டேன். சிரமப்பட்டு எடுத்தேன்.

கீழே பார். இல்லாததைத் தேடாதே, இருப்பதைப் பார். என்ன இருக்கிறது? வலது இறக்கைக்குக் கொஞ்சம் தள்ளிக் கரும்பச்சையாக ஒரு புதர்க்காடு, பெரியது, ஒழுங்கே இல்லாமல் பரட்டைத் தலையாகக் கிடக்கிறது, சீமைக் கருவேலம். அதற்கு ஒரு பக்கம் மட்டும் ஓரம் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் கலைந்து கிடக்க, கிழக்குப் பக்கம் மட்டும் வில்லாக வளைந்த ஒரு கோடு. அதன்மேல் பனைமரங்கள் வரிசையாக. அந்தக் கோட்டின்மேல் ஏதோ ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது, டிராக்டராக இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டம் கட்டமாக வயல். இந்த வெட்டவெளியில் ஒரு மண் ரோடு எதற்கு இப்படி வளைந்து போக வேண்டும்? இதே கேள்வியைச் சஞ்சீவ் கேட்டிருக்கிறான், என் முதல் வாரத்தில், எங்கள் ஏரி நகருக்கு மேலே பறந்தபோது. “அந்த ரோடு ஏனுங்கக்கா இப்படி வளைஞ்சு கெடக்குது?” அது ரோடு இல்லீங்க கேப்டன், ஏரிக்கரை, கரைமேல் தார் போட்டு டவுன் பஸ் விட்டிருக்கிறார்கள், ஏரிக்குள்ளேதான் எங்கள் வீடு, மழை வந்தால் கட்டில்மேல் அடுப்பு வைப்போம் என்று சொல்லிச் சிரித்தேன். கரை! ஐயோ, கரை! ஏரி இதுதான்! தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்! மேப்பில் நீலம் அடித்தவனுக்கு என்ன, அவன் அடித்துவிட்டான், எனக்கு முன்னால் போன பிள்ளைகள் எல்லாம் மார்கழியில் போனார்கள், தை மாதத்தில் போனார்கள், தளும்பத் தளும்பப் பார்த்திருப்பார்கள். நான் வைகாசி மாதத்தில் வந்து தமிழ்நாட்டு ஏரியில் தண்ணீர் தேடியிருக்கிறேன்! பிறந்ததிலிருந்து ஏரிக்குள் குடியிருப்பவள், ஒரு ஏரியைப் பார்த்து நீ யார் என்று கேட்டிருக்கிறேன்! சிரிப்பு வருகிறது, வாய்விட்டுச் சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, ஏரிக்கு இல்லாத தண்ணீர் எனக்கு வருகிறது. போன தடவையும் சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தேன். ஏரிக்குமேலே நின்றுகொண்டு ஏரி இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறேன்.

வலது பக்கம் கொஞ்சம் திருப்புகிறேன், காற்று தள்ளியது இவ்வளவுதான், ஒரு ஏரி அகலம். கரையைத் தாண்டினால் அதற்குக் கீழே இன்னொரு கரை, சின்னது, அதற்குக் கீழே இன்னொன்று. மேல் ஏரி நிரம்பினால் வழிந்து கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே. இப்போது எல்லாமே காய்ந்து கிடந்தாலும் கரைகள் கிடக்கின்றன, எல்லாம் ஒரே பக்கம் முதுகை வளைத்துக்கொண்டு. ஏன் எல்லாம் கிழக்கே வளைந்திருக்கின்றன என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தண்ணீர் கிழக்கே ஓடும், அதை மறிக்கக் கிழக்கேதான் கரை போடுவார்கள், தண்ணீர் கிழக்கே ஓடுவது கடல் கிழக்கே இருப்பதால். எந்தக் காலத்தில் யார் மண் சுமந்து போட்டார்களோ, அவர்கள் யாரும் வானத்திலிருந்து ஒருத்தி பார்ப்பாள் என்று நினைத்துப் போடவில்லை, ஆனால் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் போ என்கிறது. போகிறேன். இதோ பெண்ணையாறு, வெள்ளை மணலாக, நடுவில் ஒரு நூல் தண்ணீர். இதோ திருக்கோவிலூர், ராஜகோபுரம் இங்கிருந்து பார்த்தால் பட்டாணி அளவு, ஒரு கையை எடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உடனே கையைப் பழைய இடத்தில் வைக்கிறேன். இதோ விழுப்புரம், ஐந்து பக்கத்திலிருந்தும் தண்டவாளங்கள் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும் இடம், இதைத் தெரியவில்லை என்று எந்த மடையனும் சொல்ல முடியாது. பஸ்ஸில் போனால் இந்த விழுப்புரத்தில் வண்டி அரை மணி நேரம் நிற்கும், வெள்ளரிக்காய் விற்பார்கள், கூட்டத்தில் ஒருவர் கால் நம் கால்மேல் இருக்கும். ஒரு வெள்ளரிக்காயைத் தின்று முடிக்கும் நேரத்தில் ஊரே பின்னால் போய்விட்டது. அந்த ஒரு மணி நேரம் பொய் இல்லை பெரியவரே. நான்தான் அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார நன்றாக இருக்கிறது.

புதுச்சேரி டவரைக் கூப்பிட்டேன், குரல் நடுங்கும் என்று பயந்தேன், நடுங்கவில்லை, கவுண்டரில் எட்டு வருஷம் மைக் பிடித்த குரல், அது சோறு போட்ட குரல். பதில் சொன்னதும் ஒரு பெண்தான். எங்கிருந்து வருகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டாள், சேலம் என்றேன், நேராகவா என்றாள், நேராக என்றேன், அந்த ஒரு வார்த்தையை இவ்வளவு பெருமையாக என் வாழ்நாளில் சொன்னதில்லை. அப்புறம் கடல். முதலில் வானத்தின் அடி கொஞ்சம் கருத்தது போல இருந்தது, அப்புறம் அது பளபளத்தது, அப்புறம் அது கடல்தான். வீடுகளுக்கு நடுவில் ஓடுபாதை, எவ்வளவு சின்னது, சேலத்து ஓடுபாதை இன்னும் நீளம், இது துண்டு ரிப்பன். சக்கரம் தொடப் போகிறது, தொடுகிறது, இல்லை, இடிக்கிறது, தூக்கி எறிகிறது, மறுபடி வானத்தில் இருக்கிறேன், ஓடுபாதை கீழே ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொரு தடவை விழுந்தால் முன்சக்கரம் போய்விடும். என்ஜினுக்கு முழு வேகம் கொடு, மூக்கைப் பிடி, ஏறு. ஏறுகிறேன். டவருக்குச் சொல்கிறேன், மறுபடி சுற்றி வருகிறேன் என்று. லாஸ்பேட்டை மாடிகள் காலுக்குக் கீழே போகின்றன, தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள், யாரோ ஒருத்தி கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்க்கிறாள். இதுவும் திரும்புவதுதானா? மனசு ஒரு நொடி அங்கே போய் மாட்டிக்கொள்கிறது, வந்த இடத்தில் இறங்காமல் போகிறாயே, மூன்றாவது தடவையும்தானா என்று. இல்லை. முதல் தடவை கை தானாகத் திருப்பியது, இரண்டாம் தடவை பயம் திருப்பியது, இன்றைக்கு நான் திருப்பினேன், எனக்கு வேண்டிய மாதிரி இறங்குவதற்காக நானே திருப்பினேன். கடல் மேலே ஒரு வளைவு, வேகம் சரி, உயரம் சரி, காற்று இடது பக்கத்திலிருந்து, பிடித்துக்கொள், அவசரப்படாதே, தரை வரட்டும், நீ தேடிப் போகாதே, அது வரட்டும். வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை, உருளும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

என்ஜினை அணைத்த பிறகு அவ்வளவு அமைதி. பெல்ட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் ஒரு மூலை தூக்கிக்கொண்டு, மற்ற மூன்று மூலையும் ஒட்டியபடியே இருந்தது. அழுதேன். யார் பார்த்தால் என்ன, ஜெயித்தவள் அழுதால் அதை அழுகை என்று சொல்ல மாட்டார்கள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் நிழலை விட்டு நடந்து வந்தாள்.

“இன்னா மேடம், ரெண்டு வாட்டி சுத்துனீங்க? நாங்க பயந்தே பூட்டோம்.”

“மொதல் தடவ எறங்குனது எனக்குப் பிடிக்கல. அதான் இன்னொரு தடவ எறங்கினேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பாதியைக் குடித்துவிட்டுச் சஞ்சீவுக்குப் போன் செய்தேன். வந்துட்டேன் கேப்டன் என்றதும் அந்தப் பக்கம் யாரிடமோ, “எறங்கிட்டாங்கடா, எறங்கிட்டாங்கடா!” என்று ‘ங்க’வைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்துவது கேட்டது. அடுத்தது ஹேமா. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் மூச்சு வாங்கினாள்.

“இருக்கா, மாடிலேர்ந்து எறங்கி ஓடியாரேன். வடகம் காயப் போட்டிருந்தேன். எவனோ ஒருத்தன் தலைக்கு மேல பிளேன ஓட்டிட்டு ரெண்டு வாட்டி போறான், அவ்ளோ தாழ்வா. காக்காயெல்லாம் பறந்து வடகத்துல எச்சம் போட்டுருச்சு. நல்லா நாலு வார்த்த கேட்டேன் அவன.”

“என்ன கேட்ட?”

“போன்ல சொல்ற மாதிரியா கேட்டேன்? சரி, நீ எங்க இருக்க? என்ன சத்தம் அங்க?”

“உங்க ஊர்லதான்டி இருக்கேன்.”

“எந்த பஸ்ல வந்த? சொல்லவே இல்ல?”

“பஸ்ல வரல.”

தெருவில் ஒரு மீன்காரரின் குரல் மட்டும் போனுக்குள் வந்து போனது.

“அக்கா.”

“ம்.”

“அது நீயா?”

“நான்தான்.”

“ரெண்டு வாட்டியுமா?”

“ரெண்டு தடவையும்.”

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதட்டினாள்.

“இன்னொரு வாட்டி போ. நான் பார்க்கல. நான் திட்டிட்டு இருந்தேன்.”

“நெனச்சபடியெல்லாம் போக முடியாதுடி. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கெளம்புவேன், அப்பப் போவேன்.”

“எங்க மாடி மேலயா?”

“உங்க மாடி மேலதான்.”

“கை காட்டுவியா?”

“ரெண்டு கையும் வேலையா இருக்கும். நீ காட்டு. நான் பார்க்கிறேன்.”

“அவ்ளோ ஒசரத்துல இருந்து என்னத் தெரியுமா உனக்கு?”

“சிவப்புச் சேல கட்டிக்கோ, தெரியும்.”

“கல்யாணச் சேலதான் சிவப்பு இருக்கு. அது பெட்டியில எங்க கெடக்குதோ,” என்றாள், பிறகு மாமியாரையும் வீட்டுக்காரரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டு, “சரி வை, வை, எனக்கு வேல இருக்கு,” என்று அவளே போனை வைத்துவிட்டாள்.